கைக்கு யார் கணக்கு எழுதுவது?

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டமொன்றில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. வாசிப்புக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



யாழ்ப்பாணம் எனக்குப் புதிய ஊர் அல்ல. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருஷம் படித்தவள் நான். மலையிலிருந்து வந்த எனக்கு இந்த வெயிலும் கிணற்றுத் தண்ணீரும் பழக ஒரு மாதம் போனது. இன்னொன்று பழக அதைவிட அதிக நாள் எடுத்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், கடையில் மிச்சக் காசு தருபவர், கோயில் வீதியில் கச்சான் விற்பவர் என்று எங்கே பார்த்தாலும் யாரோ ஒருவருக்கு ஒரு கை இருக்காது. அல்லது கை இருக்கும், விரல்கள் இருக்காது. போர் செய்த வேலை அது.

கச்சான் விற்ற ஐயா ஒருவருக்கு இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார்: “பிள்ளை, உங்கட மலைநாட்டிலயும் கை ஏலாத ஆக்கள் இருக்கினமோ?”

“இல்ல ஐயா, அங்க சண்டை நடக்கல்லதானே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் தவறு. அதைத் திருத்திச் சொல்லத்தான் இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறேன்.

என் அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவர். நான் அந்த ஆண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குளிருக்காகப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஈரத் துணியைப் பிழிய முடியாமல் என்னைக் கூப்பிட்டார். “எத்தன நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டேன். “அது கெடக்கு, நாலஞ்சு வருஷமா இருக்கு. டிஸ்பென்சரில தைலம் குடுத்தாங்க. வாதமாம்” என்றார். நாலைந்து வருஷம்! அந்த நாலைந்து வருஷமும் அம்மா ஒவ்வொரு நாளும் பெரட்டுக்களத்துக்குப் போனார், கூடையை மாட்டினார், நிறுவையில் கொழுந்தைக் கொட்டினார். வலது கையின் பெருவிரல் அடியில் நெருப்பு வைத்த மாதிரி எரியுமாம். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் “அரைப்பேர் போடுவாங்க” என்ற பயம்.

ஐயா கேட்ட கேள்விக்கு அன்றைக்கே என் வீட்டில் பதில் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

கை எப்படிப் போகிறது

கொழுந்து எடுக்கிற கையை ஒருமுறை மனதில் ஓடவிட்டுப் பாருங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளும். மணிக்கட்டு ஒரு திருகு திருகும். உள்ளங்கை நிறைந்ததும் கை தலைக்கு மேலே போய்க் கூடைக்குள் போடும். ஒரு நாள் கணக்குக்கு 18 கிலோ கேட்கும் தோட்டங்கள் இருக்கின்றன. ஒரு கிலோவுக்கு எத்தனை கிள்ளு, ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு மாதத்துக்கு எத்தனை என்று பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்தால் அவர்கள் கொப்பியில் இடம் போதாது. மழையிலும் குளிரிலும் இதே வேலைதான். கவ்வாத்துக்காரரின் கை வேறு மாதிரி. தடித்த கிளையில் கத்தி இறங்கும்போதெல்லாம் அந்த அடி மணிக்கட்டுக்குத் திரும்பி வரும். இப்போது கத்தரியாலும் இயந்திரத்தாலும் கொழுந்து வெட்டச் சொல்கிறார்கள். அதில் ஒரே பிடியும் அதிர்வும் சேர்கின்றன.

பெருவிரலை அசைக்கும் இரண்டு நாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சின்ன உறைக்குள்ளால் போகின்றன. ஓயாமல் ஒரே அசைவு செய்தால் அந்த உறை தடித்து, நாண்கள் உரசத் தொடங்கும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் வைத்தியர் டி குவர்வெய்ன் பெயரில்தான் இந்த நோயை இன்றும் சொல்கிறார்கள். பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பெருவிரல் அடியில் சுளீரென்று வலித்தால் வைத்தியரிடம் காட்டவேண்டிய கை அது.

இன்னொன்றும் இருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குகை மாதிரி. ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால் போகின்றன. நாண்கள் வீங்கினால் நரம்பு நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி விறைக்கும். இரவில்தான் கூடுதலாக இருக்கும். நடுராத்திரியில் எழும்பிக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் நம் லயங்களில் எத்தனை பேர்! இதற்குக் கார்பல் டனல் என்று பெயர். ஆரம்பத்தில் பிடித்தால் ஓய்வு, கைப்பட்டி, ஊசி, தேவைப்பட்டால் சின்னச் சத்திரசிகிச்சை என்று வழி உண்டு. விட்டுவிட்டால் பெருவிரல் மேட்டுச் சதை வற்றிப்போகும். வற்றிய சதையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

மூன்றாவது வகை ஒரே நொடியில் நடப்பது. ஈரக் கல்படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுவது, பெக்டரி ரோலரில் கை அகப்படுவது, கத்தி தவறுவது. இங்கே பனையில் ஏறும் சீவல் தொழிலாளருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சுருட்டுச் சுற்றிய கைகளுக்கு முதல் இரண்டும் தெரிந்திருக்கும்.

சட்டம் இருக்கிறது

இதற்கெல்லாம் நாதியில்லை என்று நினைக்க வேண்டாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்துக்கு ஒரு வருஷம் மூத்தது. நம் பாட்டன் பூட்டி காலத்துச் சட்டம். வேலையின் போதும் வேலையின் காரணமாகவும் விபத்தினால் காயம் ஏற்பட்டால் தொழில்கொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உயிர் போனால் ஒரு கணக்கு, நிரந்தரமாக முழு இயலாமை என்றால் ஒரு கணக்கு, நிரந்தரமாக ஒரு பகுதி இயலாமை என்றால் ஒரு கணக்கு, கொஞ்சக் காலம் வேலை செய்ய முடியாவிட்டால் ஒரு கணக்கு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நடக்கும் விபத்தும் இதற்குள் வந்துவிட்டது. லயத்திலிருந்து மலைக்குப் போகும் பாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த அக்காமார் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“உன் கவனக்குறைவுதானே” என்று துரைமார் சொல்வார்கள். சாதாரணக் கவனக்குறைவு இந்த உரிமையைப் பறிக்காது. குற்றம் யாருடையது என்று தேடுவதற்காக எழுதிய சட்டமல்ல இது.

சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கொடுத்துவிட்டோம், எல்லாம் முடிந்தது என்றும் சொல்வார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேரும் ஊழியர் சேமலாப நிதி உங்கள் காசு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வரும் சேவைக்காலப் பணம் நீங்கள் உழைத்த வருஷங்களுக்கு. போன கைக்கு நட்டஈடு தனி. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாது.

சட்டத்தோடு ஓர் அட்டவணையும் உண்டு. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை வீதம் இழப்பு என்று அது சொல்லும். இந்தியாவிலும் இதே மாதிரிதான். நீலகிரியிலும் வால்பாறையிலும் இருக்கும் நம் சொந்தக்காரருக்குரிய 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் பெருவிரல் போனால் 30 வீதம், சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7, ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50.

இந்த அட்டவணையைப் பாருங்கள் தோழர்களே. இல்லாமல் போன விரலை அது எண்ணுகிறது. இருந்தும் மடங்காத விரலை, இருந்தும் பிடிக்காத கையை அது தானாக எண்ணாது. என் அம்மாவின் கையில் ஐந்து விரலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட கைக்கு இழப்பு எவ்வளவு என்பதை வைத்தியர் சோதித்து எழுத வேண்டும், நாம் நிரூபிக்க வேண்டும். நம்மவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

படைவீரர் எப்படிக் கேட்கிறார்கள்

இந்த நாட்டில் அரச படையில் இருந்து கை இழந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர்கள் நலனைப் பார்க்க 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகார சபை என்று ஒன்றை அமைத்தார்கள். மற்றப் பக்கத்தில் நின்று கை இழந்தவருக்கும், ஷெல் விழுந்து கை இழந்த பொதுமக்களுக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. பிரதேச செயலகத்தில் வலுவிழந்தோருக்கான மாதக் கொடுப்பனவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். 1987 முதல் இங்கே இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கை உறுப்பைப் பொருத்திவிடும். போன வருமானத்தைப் பொருத்த அதனால் முடியாது. ஒரே மாதிரி வெட்டுப்பட்ட கை, யாருடைய கை என்பதைப் பார்த்துக் கணக்கு மாறுகிறது. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு நாட்டுக் கதை. அமெரிக்காவில் படையை விட்டு வந்தவர்கள் கை, மணிக்கட்டு நோய்க்கு அரசிடம் இயலாமைப் பணம் கேட்கிறார்கள். அந்தப் படை உலகத்தில் என்ன செய்தது என்பது இன்னொரு கூட்டத்துக்கு உரிய பேச்சு. கேட்கும் முறையை மட்டும் அவர்களிடமிருந்து படிப்போம். ஏனென்றால் அவர்களும் முதலில் மறுக்கப்படுகிறார்கள், மறுபடி மறுபடி கேட்டுத்தான் பலர் வாங்குகிறார்கள்.

அங்கே மூன்று விஷயம் காட்ட வேண்டும். இப்போது நோய் இருக்கிறது என்பது ஒன்று. சேவையில் இருந்தபோது அதற்குக் காரணமான ஒன்று நடந்தது என்பது இரண்டு. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வைத்தியர் எழுதுவது மூன்று. அடுப்புக்கு மூன்று கல் மாதிரி. ஒரு கல் இல்லாவிட்டால் பானை நிற்காது. நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கல்லோடு போகிறார்கள். “பாருங்க ஐயா, கை வலிக்குது” என்று கையைக் காட்டுகிறார்கள். அது முதல் கல் மட்டும்.

நரம்பு நசுங்கிய கைக்கு அங்கே எழுதிவைத்த வீதங்களைக் கேளுங்கள். லேசாக இருந்தால் 10. நடுத்தரமாக இருந்தால், வேலை செய்யும் பிரதான கைக்கு 30, மற்றக் கைக்கு 20. கடுமையாக இருந்தால் 50, 40. அந்த நரம்பு முற்றாகச் செயலிழந்தால் 70, 60. எந்தக் கை என்பது எழுதப்படாவிட்டால் பத்து வீதம் போய்விடும். நம் டிஸ்பென்சரிச் சீட்டில் “கை வலி” என்று மட்டும் எழுதுகிறார்களே, எந்தக் கை என்று எழுதுகிறார்களா?

வலியால் ஏற்படும் இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1995இல் அங்கே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மேசையில் வைத்துப் பார்க்கும்போது மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது மட்டும் போதாது. வலி கூடும் நாளில், திரும்பத் திரும்ப வேலை செய்த பிறகு அது எவ்வளவு மடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலையில் வைத்தியர் முன்னால் நல்லாக இருக்கும் கை, பின்னேர நிறுவைக்கு வரும்போது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். வைத்தியருக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

மறுத்துவிட்டால்? 2019 பெப்ரவரியிலிருந்து அவர்களுக்கு மூன்று வழி. புதிய அத்தாட்சியோடு மறுபடி கேட்கலாம். அதே கோப்பை மூத்த அதிகாரி ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். ஒரு வருஷத்துக்குள் கேட்டால் முதலில் கேட்ட திகதி காப்பாற்றப்படும். இரண்டு பக்க அத்தாட்சியும் தராசில் சமமாக நின்றால், சந்தேகத்தின் பலன் கேட்டவருக்கே. இதை அவர்கள் சட்டத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

துப்பாக்கி பிடித்த கைக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு எழுத முடியுமென்றால், கொழுந்து எடுத்த கைக்கு ஏன் முடியாது? இதுதான் என் கேள்வி.

ஒரு பெக்டரி அண்ணன்

மறுப்பு என்பது முடிவு இல்லை என்பதை நான் படித்தது ஒரு பெக்டரி அண்ணனிடம். இரவு வேலையில் ரோலரில் அவருடைய வலது கை அகப்பட்டது. சுட்டுவிரல் போனது. நடுவிரலும் மோதிரவிரலும் தப்பின, ஆனால் மடங்காது. தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு தாளை நீட்டினார்கள். இங்கிலீஷில் இருந்தது. அண்ணன் பேனாவை எடுத்துவிட்டார். அண்ணிதான் “டீச்சர்கிட்ட காட்டிட்டுப் போடுங்க” என்று பிடித்து நிறுத்தினார். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அந்தத் தாளில் இருந்தது.

தோழர்களே, அப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்கி இந்தச் சட்ட உரிமையை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. நட்டஈடு பற்றி உடன்பாடு செய்தால் அது ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஆனாலும் கையெழுத்துப் போட்ட பிறகு அலைவதைவிட, போடாமல் இருப்பது லேசு.

சங்கம் விண்ணப்பம் அனுப்பியது. முதலில் வந்த மதிப்பீட்டில் சுட்டுவிரல் மட்டும் இருந்தது. மற்ற இரண்டு விரலும் கையில் இருக்கின்றன, ஆகவே கணக்கில் இல்லை. அண்ணன் சொன்னார்: “விடுங்க டீச்சர், குடுக்கிறத வாங்கிக்குவோம்.” நாங்கள் விடவில்லை. தாளை வாசித்தோம், எந்தக் கல் குறைகிறது என்று பார்த்தோம். மடங்காத விரல்கள் பற்றி வைத்தியர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. எழுதும்படி நாமும் கேட்டிருக்கவில்லை. மறுபடி கிளினிக்குக்குப் போனோம். அவர் என்ன வேலை செய்தவர், எதைத் தூக்க முடியவில்லை, எதைப் பிடித்தால் நழுவுகிறது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுபோனோம். வைத்தியர் விரல் ஒவ்வொன்றும் எவ்வளவு மடங்குகிறது, பிடி எவ்வளவு என்று அளந்து எழுதினார். அந்தத் தாளோடு மறுபடி கேட்டோம். விசாரணைக்கு அண்ணன் மூன்று முறை கொழும்புக்குப் போய்வந்தார். கடைசியில் மூன்று விரலும் கணக்கில் வந்தன.

பெரிய காசு என்று சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன் மகள் உயர்தரம் படிப்பை நிறுத்தாமல் முடித்தாள்.

என் அம்மாவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் ஒரு கல்தான் இருந்தது. ஐந்து வருஷம் டிஸ்பென்சரிக்குப் போனவருடைய பெயரில் தைலம் கொடுத்த பதிவு இருந்தது. எந்தக் கை, என்ன வேலை, எப்போது தொடங்கியது என்று எதுவும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது அவர் வேலையை விட்டு இரண்டு வருஷம். “என்ன வேல செஞ்சீங்கம்மா?” என்று வைத்தியர் கேட்டதற்கு அம்மா “இப்ப சும்மாதாங்க இருக்கேன்” என்றார். கிளினிக் கொப்பியில் அவர் “வீட்டுப் பணி” என்று எழுதினார். முப்பத்தொரு வருஷம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குறை இன்றைக்கும் எனக்கு உண்டு. அதனால்தான் இப்போது ஊர் ஊராய்ப் போய்ப் பேசுகிறேன்.

நாம் செய்ய வேண்டியது

காயம் பட்ட அன்றைக்கே சொல்லுங்கள். கங்காணியிடம் வாயால் சொன்னால் போதாது. விபத்துப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தோட்டக் கமிட்டித் தலைவர் அல்லது மாதர் சங்கத் தலைவி மூலம் துரைக்குக் கடிதம் கொடுத்து, ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். யார் பக்கத்து நிரையில் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். இது இரண்டாவது கல்.

மெதுவாக வரும் நோய்க்கு “அன்றைக்கு” என்று ஒரு நாள் இல்லை. அதனால் முதலில் விறைத்த வாரத்திலேயே காட்டுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் எந்தக் கை, எந்த விரல், என்ன வேலை, எத்தனை வருஷம் என்று எழுதச் சொல்லுங்கள். வேலை விட்டவரானாலும் “கொழுந்து எடுத்தேன்” என்றே சொல்லுங்கள். கைக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். உண்டு என்று அவர் கருதினால் எழுதித் தரச் சொல்லுங்கள். அது மூன்றாவது கல். பலருக்கு இல்லாத கல் அதுதான்.

சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நட்டஈடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்காகும். அரிசிச் சாக்குக்குப் பக்கத்தில் ஒரு பொலித்தீன் பையில் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். தொழில்கொள்வோர் தங்கள் செலவில் வைத்தியப் பரிசோதனைக்கு அழைத்தால் போங்கள். போகாவிட்டால் அதையே காரணமாகச் சொல்லி நிறுத்துவார்கள். ஆனால் அங்கே நீட்டும் எந்தத் தாளிலும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு. தீபாவளி முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கிழிக்காதீர்கள், அழுதுகொண்டு அடுப்பில் போடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கல் இல்லை என்று அந்தக் கடிதமே சொல்லும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதப் பழக்கும்போது “நண்பனுக்குச் சுற்றுலா பற்றிக் கடிதம்” என்பதோடு, “அம்மாவின் கைக் காயம் பற்றித் தோட்ட அதிகாரிக்குக் கடிதம்” என்றும் எழுதச் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். எந்தக் கை என்று தெரியாமல் வந்த பிள்ளையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிக் கேட்டு வரச் சொல்வேன்.

சங்கம் கேட்க வேண்டியது

இவ்வளவும் நாம் ஒவ்வொருவராகச் செய்வது. சங்கமாகச் செய்ய வேண்டியதும் உண்டு.

1906இல் பிரித்தானியாவில் தொழில் நோய்களுக்குப் பட்டியல் போட்டபோது ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, ஆந்திராக்ஸ் என்று எழுதினார்கள். அடுத்தடுத்த வருஷங்களிலேயே சுரங்கத் தொழிலாளரின் கை நோயைச் சேர்த்தார்கள். 1908இல் தந்தி அடிக்கும் எழுத்தரின் கைப்பிடிப்பையும் சேர்த்தார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை போகும் என்பது நூறு வருஷத்துக்கு மேலாக அவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில்தான் நம் முன்னோர் அவர்களுடைய கோப்பைக்குக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சர்வதேச தொழில் அமைப்பு 2010இல் புதுப்பித்த தொழில் நோய்ப் பட்டியலில், திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் பெருவிரல் அடியில் வரும் நாண் உறை நோய், கை மணிக்கட்டின் நாட்பட்ட நாண் உறை நோய், கார்பல் டனல் மூன்றும் பெயரோடு இருக்கின்றன. நமது சட்டத்தின் தொழில் நோய் அட்டவணையில் இந்த மூன்றும் கொழுந்து எடுத்தல், கவ்வாத்து என்ற வேலைகளின் பெயரோடு எழுதப்பட வேண்டும். அப்படி எழுதினால், வேலைதான் காரணம் என்று நிரூபிக்கும் பாரம் தனியொரு தாயின் தலையிலிருந்து இறங்கும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் கிலோக் கணக்கைப் பேசும்போது கையைப் பற்றியும் பேச வேண்டும். இரண்டு கிலோ கூட்டுவது என்றால் எத்தனை ஆயிரம் கிள்ளு கூடுகிறது என்று கேட்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கைப் பரிசோதனை, வலி கண்டவருக்குப் பேர் வெட்டாமல் வேறு வேலை, இவை இரண்டும் நம் கோரிக்கைப் பத்திரத்தில் ஏற வேண்டும்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் குழந்தை அம்மாவிடம் கையை நீட்டித் தூக்கச் சொன்னது. அம்மா குனிந்தார், பிறகு தரையில் உட்கார்ந்து மடியைக் காட்டினார். குழந்தை தானே ஏறிக்கொண்டது. குழந்தை பழகிவிட்டது. நாம் பழகிவிடக் கூடாது.

இன்றைக்குக் காலையில் அந்தக் கோயில் வீதிக்குப் போய்ப் பார்த்தேன். கச்சான் விற்ற ஐயாவைக் காணவில்லை. இந்தக் கூட்டத்தில் அவரைத் தெரிந்தவர் யாராவது இருந்தால், கோப்பாயில் படித்த மலைநாட்டுப் பிள்ளை பதிலைத் திருத்திச் சொன்னாள் என்று சொல்லுங்கள். எங்கள் பக்கமும் கை ஏலாத ஆட்கள் நிறையப் பேர் இருக்கினம் ஐயா. இனி ஒவ்வொரு கைக்கும் கணக்கு எழுதப் போகிறோம்.